முதல் பாகமா, ஏழாம் பாகமா?

பெண் பார்க்க வந்த இடத்தில்தான் ஜான்பீட்டரும் ஜெபசீலியும் முதன்முறையாகச் சந்தித்தார்கள். பத்தே நிமிடத்தில் பேச்சு ஏழு பாகம் வந்த ஒரு விண்வெளிப் படத்துக்குத் தாவி, சண்டையாகிவிட்டது.

"ஏழாம் பாகமெல்லாம் ஒரு படமாங்க? ராக்கெட்டுக்குள்ள குத்துப்பாட்டு!" என்றார் ஜெபசீலி.

"முதல் பாகம் மட்டும் என்னவாம்? செவ்வாய் கிரகம்னு நம்ம பர்கூர் கல்குவாரிய காட்டுறாங்க!"

"முதல் பாகத்தப் பத்திப் பேசாதீங்க! பதினாறு தடவ பாத்திருக்கேன்."

"நான் ஏழாம் பாகத்த இருபது தடவ!"

காபித் தட்டோடு வந்த வின்சி, மாப்பிள்ளை எட்சனிடம் கிசுகிசுத்தாள். "உங்கப்பாவும் எங்கம்மாவும் இப்படி அடிச்சுக்கிட்டா நம்ம கல்யாணம் என்னாவுறது?"

எட்சன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஜான்பீட்டர் சட்டென்று எழுந்தார்.

"எட்டாம் பாகம் வெள்ளிக்கிழமை ஓசூர்ல ரிலீசு. நாலு டிக்கெட் போடறேன், வாங்க சம்பந்தியம்மா!"

"சரிங்க சம்பந்தி. இவங்க ரெண்டு பேரையும் வேற வரிசையில போடுங்க. பேசிப்பேசியே படம் பாக்க விடமாட்டாங்க!"