நாலு விரல் அகலம்

"மறுபடியும் சுரண்டியிருக்காங்க சார்!"

பாதுகாப்பு அதிகாரி நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்து சொன்னார்.

விமான நிலையத்தின் புறப்பாட்டுக் கூடத்தையும் வெளி வராந்தாவையும் பிரிக்கிற நீளமான கண்ணாடிச் சுவர். அதில் உள்பக்கம் ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கரில், ஆள் கண் உயரத்துக்கு, நாலு விரல் அகலத்தில் ஒரு ஓட்டை. ஒரு வாரத்தில் இது மூன்றாவது தடவை. இன்றைக்கு ஒட்டினால் நாளைக்கு ஓட்டை.

அதிகாரி மாற்றலாகி வந்து இருபது நாள்தான் ஆகிறது. ஒரே ஒரு ஓடுபாதை, ஒரு நாளைக்கு ஏழு விமானம், அதில் வெளிநாடு போவது ஒன்றே ஒன்று. சின்ன இடம்தானே என்று அசந்துபோனால் முதலில் உருளுவது தன் தலைதான் என்று அவருக்குத் தெரியும்.

"உள்ள இருக்கறவன் வெளியில நிக்கறவனுக்கு சைகை காட்டறான் சார். எந்த கவுண்டர்ல யாரு உட்கார்ந்திருக்கா, எந்தப் பக்கம் செக்கிங் சுலபம்னு தகவல் போகுது. கடத்தல் சமாச்சாரம்."

மேனேஜர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பழைய ஸ்டிக்கர். தானா உரிஞ்சிருக்கும்."

"தானா உரிஞ்சா ஸ்கேல் வச்ச மாதிரி நாலு பக்கமும் நேரா உரியுமா?"

"ஒட்டச் சொல்லிடுங்க."

அந்த மழுப்பல் அதிகாரிக்குப் பிடிக்கவில்லை.

கேமராவைப் போட்டுப் பார்த்தார். சரியாக அந்த இடத்தை ஒரு தூண் மறைத்தது. தூண் மறைப்பது தெரிந்தவன் என்றால் உள்ளே வேலை பார்க்கிற ஆள்தான். சந்தேகமே இல்லை.

கூடத்தைத் துடைக்கிற அம்மாவின் மேல் அவர் கண் போனது. மற்ற கண்ணாடிகளை ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு நகர்கிறவள், இந்த இடத்தில் மட்டும் பத்து நிமிஷம் நிற்கிறாள். அதுவும் மத்தியான வெளிநாட்டு விமானத்துக்கு ஆட்கள் வருகிற நேரமாகப் பார்த்து!

கூப்பிட்டு விசாரித்தார்.

"பையில என்ன?"

"பிளேடு சார். தரையில ஒட்டின சூயிங்கம் சுரண்டறதுக்கு."

"சூயிங்கம் மட்டும்தானா? ஸ்டிக்கரும் சுரண்டுவியா?"

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"யாரு சொல்லிப் பண்றே?"

'நான் இல்லை' என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

அது போதுமே அவருக்கு. "உண்மையைச் சொல்ற அன்னைக்குத்தான் பாஸ் திரும்பக் கிடைக்கும். அதுவரைக்கும் வாசலைத் தாண்டக் கூடாது."

அடையாள அட்டையை வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். புது ஸ்டிக்கர் ஒட்ட வைத்தார். அன்றைக்கு மதியச் சாப்பாடு அவருக்கு நிம்மதியாக இறங்கியது.

மறுநாள் காலை பத்தரைக்கு வந்து பார்த்தால், ஓட்டை!

அந்த அம்மாவோ காலையிலிருந்து வெளிவாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அப்படியானால் இது யார் வேலை? கூட்டாளியா?

உடனே இன்னொரு ஸ்டிக்கரை ஒட்ட வைத்துவிட்டு, மூடிக்கிடந்த விசாரணை கவுண்டருக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்தார். கால் மரத்துப்போனது. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு ஆள் தூணோரம் வந்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். பேனாக்கத்தியை எடுத்து, நாலு பக்கமும் நறுக்கி, ஸ்டிக்கரை உரித்தான்.

அதிகாரி பாய்ந்து கையைப் பிடித்தார்.

"சார்... நீங்களா!"

மேனேஜர் கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மாட்டிக்கிட்டேன். சரி, இங்க வந்து பாருங்க."

கண்ணாடிக்கு வெளியே ஒரு இளம்பெண்ணும் ஒரு பெரியவரும் மாறி மாறி ஓட்டையில் முகத்தை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே செக்கிங் வரிசையில் நின்ற ஒருவன் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினான். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது தகரக் கொட்டகையா இருந்தப்போ டிக்கெட் கிழிக்கற வேலைக்குச் சேர்ந்தவன் நான். ஒரு நாளைக்கு ஒரே விமானம். ஏணியில ஏறி உள்ள போற வரைக்கும் வேலியோரம் நின்னு கையசைப்பாங்க. பன்னாட்டு விமான நிலையம்னு பலகை மாட்டினதும் வேலி போய் சுவர் வந்துச்சு. சுவர் போய் கண்ணாடி வந்துச்சு. கண்ணாடியில வெயில் அடிக்குதுன்னு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அதுல கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

வரிசையில் கையைத் தூக்கியவனைக் காட்டினார்.

"போனா மூணு வருஷம் கழிச்சு வருவான். அவன் முதுகையாவது பார்த்துட்டுப் போகட்டுமே."

அதிகாரி சட்டென்று பையிலிருந்த டிராயர் சாவியைத் தொட்டுப் பார்த்தார். "அந்தம்மாவோட பாஸைப் பிடுங்கி வச்சிருக்கேன் சார்."

"எந்தம்மா?"

"கூடம் துடைக்கறவங்க."

"அடப்பாவமே! அவங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? முதல்ல போய்க் குடுங்க!"

அதிகாரி ஓடினார். டிராயரைத் திறந்து அட்டையை எடுத்துக்கொண்டு வாசல் பெஞ்சுக்கு வந்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா. உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். அதைச் சுரண்டினது நீங்க இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு."

அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட அந்த அம்மாவின் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். பதற்றமாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மத்தியான விமானத்துக்கு செக்கிங் ஆரம்பிச்சுட்டாங்களா சார்? அந்தக் குப்பைத்தொட்டியை யாராவது நகர்த்தி வச்சாங்களா?"

"எந்தத் தொட்டி?"

"கண்ணாடியோரம் இருக்கே, அதுதான். அதுக்குப் பின்னாடி, முழங்கால் உயரத்துல இன்னொரு ஓட்டை இருக்கு சார். மேல இருக்கறது குழந்தைங்களுக்கு எட்டலைன்னு... அதைச் சுரண்டினது நான்தான்."