தொட்டியைப் பார்க்காமல் தர ஏலாது

"ஒங்கட தொட்டிய நேர்ல பாக்காம நான் மீன் தர ஏலாது" என்றார் லத்தீப்.

சுற்றுலா ஊரான எல்லவிலிருந்து வந்திருந்த ஹோட்டல் முதலாளி நப்ரீஸுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வெள்ளைக்காரர்கள் காலைச் சாப்பாட்டோடு பார்த்து ரசிக்க ஒரு ஜோடி கோமாளி மீன் வேண்டும், அவ்வளவுதான். அதற்கு இந்த மனிதர் முக்கால் மணி நேரமாகக் குறுக்கு விசாரணை நடத்திக்கொண்டிருந்தார்.

"வீடியோ அனுப்பினேனே, நானா" என்று அண்ணன் முறை வைத்துக் கெஞ்சினார் நப்ரீஸ்.

"வீடியோவுல எல்லாம் வடிவாத்தான் இருக்கும்."

லத்தீப்புக்குப் பதுளை பஸாரில் துணிக்கடை. ஆனால் உயிர் இருந்தது வீட்டு முன்னறையில், அந்தக் கடல்நீர்த் தொட்டியில்தான். கடல் எங்கேயோ மலைக்கு அந்தப் பக்கம் கிடக்க, இவர் பக்கெட்டில் உப்புக் கலக்கி வீட்டுக்குள் கடல் செய்துகொண்டிருந்தார்.

பவளப்பாறையில் பிடித்த மீனை அவர் தொடவே மாட்டார். பாறை இடுக்கில் ஒளியும் மீனை மயக்க விஷம் பீய்ச்சுகிறவர்களும் உண்டு என்று படித்த நாளிலிருந்து அந்தப் பேச்சை எடுத்தாலே கண் கலங்கும். தொட்டியிலேயே பிறந்த ஒரு ஜோடியைத் தேடி வாங்கி, பூச்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதில் முட்டையிட வைத்து, குஞ்சுகளை வளர்த்துச் சும்மாவே கொடுத்தார். இங்கிருந்து ஒரு குஞ்சு போனால் கடலில் ஒரு மீன் தப்பும் என்பது அவருடைய நம்பிக்கை.

ஆனால் சும்மா கொடுக்கிற சாமானுக்குத்தான் இந்த விசாரணை. அதற்கென்று ஒரு படிவமே இருந்தது. மகள் ஜிப்னாதான் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தாள். தொட்டி எவ்வளவு பெரியது, கொடுக்கிறவர் நேரில் போய்ப் பார்த்தாரா, உள்ளே ஏற்கெனவே இருப்பவை எத்தனை, அவற்றின் குணம் என்ன, அழுக்கு உப்புத் தண்ணீரை எங்கே ஊற்றுவார்கள், வளர்க்கிறவர் ஊரில் இருப்பாரா, சரிப்படாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள வழி உண்டா. லத்தீப்பைப் பார்த்து மீன் வளர்க்கத் தொடங்கிய நாலைந்து நண்பர்களும் குஞ்சு கொடுக்க இதே படிவத்தைத்தான் பாவித்தார்கள். முடிவு மட்டும் லத்தீப்புடையது. ஒரு பதில் பிசகினாலும் சிவப்புப் பேனாவால் எழுதிவிடுவார், கொடுக்க முடியாது என்று.

நப்ரீஸின் தொட்டியில் முரட்டு மீன் ஒன்று இருப்பது தெரியவந்ததும் அந்தப் பேனா வெளியே வந்தது. மனிதர் வெறுங்கையோடு எல்லவுக்கு வண்டி ஏறினார்.

அவர் போனதும் ரஹ்மத்தும்மா தேத்தண்ணியோடு வந்து, அசர் தொழுகைக்குப் பிறகு புரோக்கர் ஹுமைத் முடிவு கேட்டு வருவதைக் கணவருக்கு ஞாபகப்படுத்தினாள். ஜிப்னாவுக்குப் பேசி வந்திருந்த சம்பந்தம் அது. மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை, வீடு குருநாகல் பக்கம். கல்யாணம் முடிந்து ஜிப்னா அந்த வீட்டில்தான் போய் இருக்க வேண்டும். வருகிற மாதமே முடித்துவிட வேண்டுமாம்.

"நல்ல இடம்தானே. சரின்னு சொல்லிருவோம்" என்றார் லத்தீப், தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த வீட்டு ஆட்களை ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லக் கூடாதா என்று ஜிப்னா கேட்டாள். ஹுமைத் பார்த்திருக்கிறார், போட்டோவும் வந்துவிட்டது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டு லத்தீப் தொட்டியின் ஹீட்டரைத் திருகப் போனார். பதுளைக் குளிரில் தண்ணீர் ஒரு டிகிரி இறங்கினாலும் குஞ்சுகளுக்கு ஆகாது. மகள் உள்ளே போய் அழுதிருப்பாள். அவருக்கு அது தெரியாது.

ஒரு மணி நேரம் கழித்து ஜிப்னா நிரப்பிய படிவம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதையும் பாத்துச் சொல்லுங்க வாப்பா. இன்டைக்கே முடிவு வேணுமாம்."

லத்தீப் கண்ணாடியை மாட்டினார். முதல் வரியிலேயே புருவம் ஏறியது. தொட்டியின் அளவு தெரியாது. நேரில் பார்க்கவில்லை, போட்டோ மட்டும். உள்ளே ஏற்கெனவே ஐந்து, குணம் தெரியாது.

"அஞ்சா? அஞ்சும் எப்படின்னே தெரியாம புதுசா ஒண்ண உள்ள விடுறதா? முதல் நாளே சேந்து கொத்திப் போட்டுரும்."

படிக்கப் படிக்கச் சூடு ஏறிற்று. வளர்க்கிறவர் வெளியூரில் இருக்கிறாராம், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் வந்து பார்ப்பாராம். எல்லாம் ஒத்துப்போகும் என்று இடையில் நிற்கிற ஒருவர் வாயால் சொன்னாராம். சரிப்படாவிட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவே இல்லையாம்.

லத்தீப் சிவப்புப் பேனாவைத் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி, கொடுக்கவே முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு உசிர நம்பி அனுப்புற இடமா இது? கேக்கிறவனுக்குத்தான் வெக்கமில்ல. குடுக்கிறவனுக்குமா அறிவில்ல?"

வாசலில் ஸலாம் கேட்டது. புரோக்கர் ஹுமைத், முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார். ஜிப்னா அந்தத் தாளை வாங்கி நேரே அவர் கையில் கொடுத்தாள்.

"மகள், ஹுமைத் நானாக்கு எதுக்கு மீன் படிவம்?"

"இது மீனுக்கில்ல வாப்பா. உள்ள இருக்கிற அஞ்சும் மாமியும் நாலு மதினிமாரும். புதுசா உள்ள போறது நான்."