கருப்பி காலைத் தூக்கியது

ஆய்வுக்கூடத்துக் கூண்டில் வெள்ளையன், கருப்பி என்று இரண்டு எலிகள் இருந்தன. புதிய வலிமருந்தை ஊசியில் ஏற்றி, அவற்றைச் சூடான தட்டில் நிற்க வைப்பார்கள். காலைத் தூக்காத எலிக்கு வேர்க்கடலை உண்டு.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு நில்லு. அவங்களுக்கும் சந்தோஷம், நமக்கும் கடலை," என்றது வெள்ளையன்.

"இந்த மருந்து வலியைக் குறைக்கவே இல்லையே. இதை நம்பி நாளைக்கு ஒரு நோயாளி ஊசி போட்டுக்குவான். அவனுக்கும் இப்படித்தானே எரியும்?" என்ற கருப்பி, தட்டில் ஏறியதும் காலைத் தூக்கிக் கத்தியது. மருந்தைக் கூட்டிப் போட்டார்கள். மறுபடியும் கத்தியது. ஆராய்ச்சியாளர் உதட்டைப் பிதுக்கி, அந்த மருந்தைக் குப்பையில் போட்டார்.

"கடலை போச்சு. கால் வெந்ததுதான் மிச்சம்," என்று சீறியது வெள்ளையன்.

பாதத்தை நக்கியபடியே கருப்பி சொன்னது: "அடுத்த மருந்து வரட்டும். வலிச்சா அதுக்கும் கத்துவேன்."