மிதவையில் கட்டிய கருவி

மீன் பிடிக்கக் கூடாத கடலின் எல்லையில் மஞ்சள் மிதவை ஒன்று நின்றது. விடிகாலையில் ஒரு விசைப்படகு வந்தது. படகு இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும் கருவியைக் கழற்றி மிதவையில் கட்டிவிட்டு, படகு எல்லைக்குள் போய்விட்டது.

சற்று நேரத்தில் கிளிமீன் ஒன்று பதறியடித்து மேலே வந்தது.

"அண்ணே, பெரிய வலை தரையை வழிச்சுக்கிட்டு வருது! பிள்ளைங்க பாறை இடுக்குல நடுங்கிக்கிட்டு இருக்குதுங்க. கரைக்குச் சொல்லுங்க!"

"என் குரல் அவ்வளவு தூரம் போகாதும்மா. இதோ, இவர்கிட்ட சொல்லு," என்றது மிதவை.

கருவி பச்சை விளக்கைச் சிமிட்டியது. "படகு எல்லையைத் தாண்டலையே."

"படகு உள்ளே ஓடிக்கிட்டிருக்கே, சத்தம் கேக்கலையா?" என்றது கிளிமீன்.

"நான் இருக்கிற இடம்தான் படகு இருக்கிற இடம். கரையில அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க."

கிளிமீன் பிள்ளைகளிடம் பாய்ந்து இறங்கியது. மிதவையின் சங்கிலி கிடுகிடுவென்று ஆடியது. அடியிலிருந்த சேறெல்லாம் கலங்கி மேலே வந்தது. பிறகு ஆட்டம் நின்றது.

"கிளிமீனே?" என்று மிதவை கூப்பிட்டது. மறுபடியும் கூப்பிட்டது. பதில் இல்லை.

"பாத்தியா, இப்ப ஒரு சத்தமும் இல்ல," என்றது கருவி. கடல் அமைதியாக இருப்பதாகக் கரைக்கும் சேதி அனுப்பியது.