வெங்காயப் பச்சடி

ஒரு வீட்டில் ஓர் ஆமை வளர்ந்தது. பூசணித் துண்டும் செம்பருத்தி இலையும் தவறாமல் கிடைத்தும் அதற்கு மனக்குறை தீரவில்லை. எஜமானி சாப்பிடும் வெங்காயப் பச்சடியை யாரும் அதன் பக்கம் நீட்டவே இல்லை.

"அது உனக்கு ஒத்துக்காதுப்பா," என்றது அந்த வீட்டுப் பூனை.

"இப்படிச் சொல்லித்தான் என்னை ஒதுக்கி வச்சிருக்கீங்க," என்று ஆமை பட்டினி கிடந்தது. எஜமானி மனமிரங்கிப் பச்சடி வைத்தாள். ஆமை கிண்ணத்தை வழித்துத் தின்றது. பொழுது சாய்வதற்குள் வயிறு புரட்டி, ஓட்டுக்குள் சுருண்டு முனகியது.

பூனை பதறிப்போய், "வைத்தியரைக் கூப்பிடச் சொல்லட்டுமா?" என்றது.

ஆமை சிரமப்பட்டுத் தலையை நீட்டியது. "அது அப்புறம். முதல்ல பக்கத்து வீட்டு ஆமைகிட்ட போய், நான் என்ன சாப்பிட்டு இப்படி ஆனேன்னு பெருமையாச் சொல்லிட்டு வா."