பழைய அளவு

குழந்தைகளுக்கான மூன்று சக்கர சைக்கிள் செய்துகொண்டிருந்த தொழிற்சாலை அது. போர் தொடங்கியதும் இரும்பும் ரப்பரும் அரசு ஒதுக்கீட்டில்தான் கிடைக்கும் என்றாகிவிட்டது. படைவீரர்களுக்குச் சக்கர நாற்காலி செய்து தந்தால் ஒதுக்கீடு உண்டு என்றார் அதிகாரி. முதலாளி தங்கப்பழத்துக்கு வேறு வழியில்லை. சின்னச் சக்கரத்தின் அச்சுகள் சாக்குக்குள் போயின. பெரிய சக்கரங்கள் லாரி லாரியாக வெளியே போயின.

ஒருநாள் காலை அதிகாரி வந்து, "இனிமே உங்க பழைய அளவே போதும். சீட்டும் சின்னதா இருக்கட்டும். ஒண்ணு செஞ்சு காட்டுங்க," என்றார். எதற்கென்று சொல்லவில்லை. சண்டை முடியப்போகிறது என்று தொழிற்சாலையே முடிவு கட்டிக்கொண்டது. சாப்பாட்டு நேரத்தில்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. பெயிண்ட் அடிக்கும் இருதயமேரி, டின்னில் இறுகிக் கிடந்த சிவப்பில் தின்னர் ஊற்றிக் கலக்கினாள். வழக்கம்போல் முதல் சைக்கிளுக்குத் தங்கப்பழமே மணியை மாட்டி அடித்துப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் அதிகாரி வந்து சைக்கிளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கலர் நல்லாத்தான் இருக்கு."

பிறகு ஸ்பேனரைக் கேட்டு வாங்கி, தரையில் குந்தி, இரண்டு பெடல்களையும் தானே கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் இருதயமேரியின் கையில் கொடுத்தார்.

"இது வேண்டாம்மா."

தங்கப்பழம் மெதுவாக வந்து மணியைக் கழற்றப் போனார்.

"அது இருக்கட்டும்," என்றார் அதிகாரி.