சைக்கிளில் வந்தவர்

பசுமைக் கட்சித் தலைவர் தேர்தல் அறிக்கையால் விசிறிக்கொண்டிருந்தார். வேட்பாளர் தேர்வுக்குக் காலையிலிருந்து வந்த ஆறு பேரும் காரில் வந்து இறங்கியவர்கள். ஏழாவது ஆள் சைக்கிளில் வருவதைத் திறந்து கிடந்த ஜன்னல் வழியாகப் பார்த்ததும்தான் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"உட்காருங்க தம்பி. எவ்வளவு தூரம் மிதிச்சீங்க?"

"பத்து கிலோமீட்டர் இருக்கும் சார். தினமும் மிதிக்கிறதுதான்."

தலைவர் அறிக்கையைப் பிரித்து, மற்றவர்களிடம் கேட்ட அதே கேள்விகளைக் கேட்டார்.

"கார், பைக் ஏதாவது?"

"வாங்கினதே இல்ல சார்."

"துணிமணி?"

"அண்ணன் போட்டுக் கழிச்சதுதான். கிழியிற வரைக்கும் போடுவேன்."

"வீட்டுல குப்பை எவ்வளவு சேரும்?"

"தூக்கிப் போட எங்ககிட்ட என்ன சார் இருக்கு? உடைஞ்ச பக்கெட்டைக்கூட ஒட்டி வெச்சிருக்கோம்."

"ஏசி?"

"நம்ம வீட்டுலயா? ஒரே ஒரு ஃபேன். அதுவும் அம்மாவுக்கு."

பக்கத்திலிருந்த செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறிக்கையின் பதினெட்டுப் பக்கங்களும் கைகால் முளைத்து வந்து எதிரே உட்கார்ந்திருந்தன. தலைவர் எழுந்து, வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு நாளா எங்க இருந்தீங்க தம்பி?"

"கோவிச்சுக்காதீங்க சார். இங்கேருந்து மூணு தடவை போன் வந்துச்சுன்னு முதலாளியும் திட்டினாரு." அவர் கையை விடுவித்துக்கொண்டு பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். "ரிப்பேரான ஏசி எது சார்? இந்த ரூமா, உள் ரூமா?"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தேர்தல் அறிக்கையைப் பார்த்தார்.

"ரெண்டும்தான்," என்றார் தலைவர். "முதல்ல இதைப் பாருங்க. கொள்கை எங்கயும் ஓடிப்போயிடாது."